கிளை வேறு, பிரிவு வேறு

கேள்வி: வேலூரில் முதுகலை உளவியல் படிக்கும் என் மகள், உளவியலாளர் சங்கங்களின் வட்டாரக் கிளைகளுக்குத் தனி வரலாறே உண்டு என்கிறாள். மனத்தைப் பற்றிய படிப்புக்கு ஊர்வாரியாகக் கிளைகள் எதற்கு?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கிளைகள் பிறந்ததற்குக் காரணம் மனம் அன்று, பயணத் தொலைவு. அமெரிக்க உளவியல் சங்கம் 1892இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி ஹாலின் முயற்சியால் தோன்றியது. பரந்த நாடு, போய்வர ரயிலை விட்டால் வேறு வழியில்லை. எனவே நியூயார்க், சிகாகோ வட்டாரத்தினர் தத்தம் பகுதியிலேயே கூடிக் கட்டுரை வாசிக்கத் தொடங்கினர். நியூயார்க் கிளையாக இயங்கியதே பின்னாளில் கிழக்கத்திய உளவியல் சங்கம் எனத் தனித்து நின்றது. மேற்குக் கரையினர் 1921இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். வட ஆற்காட்டிலிருந்து 1989இல் திருவண்ணாமலையும், வேலூரிலிருந்து 2019இல் திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் பிரிந்ததைப் பார்த்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. தலைநகருக்குப் போய்வரவே ஒரு நாள் கழிகிறது என்ற முணுமுணுப்பு எங்கும் ஒன்றுதான்.

பிரிட்டனில் கதை வேறு. 1901இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பத்துப் பேர் கூடித் தொடங்கிய பிரிட்டிஷ் உளவியல் சங்கம், 1919இல் கல்வி, தொழில், மருத்துவம் என்னும் பிரிவுகளை அமைத்தது. இவை பொருள்வாரிப் பிரிவுகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் கிளைகளோ இடவாரியானவை; அவை தாய்ச்சங்கத்தை விட்டு விலகாமல் அதற்குள்ளேயே இருக்கின்றன. அமெரிக்கச் சங்கமும் 1945இல் தன்னைத் திருத்தியமைத்தபோது பொருள்வாரிப் பிரிவுகளையே முதன்மையாக்கியது. ஒரே துறையினரைப் பிணைப்பதில் ஊரைவிட ஆய்வுப்பொருளுக்கே வலு அதிகம் என்று அது கருதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நம் நாட்டில் இந்திய உளவியல் சங்கம் 1924இல் கல்கத்தாவில் உருவானது. 1947இல் தோன்றிய இந்திய மனநல மருத்துவர் சங்கத்திற்குத் தென்மண்டலக் கிளை உண்டு. ஆனால் அது மருத்துவர்களுக்கான அமைப்பு, பெயரின் ஒற்றுமை கண்டு தங்கள் மகள் குழம்பிவிட வேண்டாம். மேலும், எந்தச் சங்கத்தின் கிளையில் உறுப்பினரானாலும் அது தொழில் புரிவதற்கான உரிமம் ஆகாது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய விரும்புவோர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.