மாற்றத்தை ஏத்துக்காம அடம்பிடிக்கிற பெரியவங்களை, வீட்டுலயும் வேலையிலயும் எப்படி வழிக்குக் கொண்டு வர்றது?

நீங்க கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தா உங்க பக்கத்துல வயசான ஒருத்தர் இருக்காரு, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, அவரு காது கொடுக்க மாட்டேங்கிறாரு, அதானே? 'வழிக்குக் கொண்டு வர்றது'ங்கிற அந்த வார்த்தைதான் என்னை எழுத வெச்சுது. நானும் அதே வார்த்தையைச் சொல்லிட்டுத்தான் ஒரு மனுஷனை நாலு நாள் வீட்டுல முடங்க வெச்சேன்.

2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தப்ப நான் ஈரோட்டுல ஒரு மொத்த ஜவுளிக் கடையில மேனேஜர். அதுக்கு முன்னாடி துணிக்கு வாட்ங்கிற விற்பனை வரி கிடையாது, அதனால எங்க கணக்குப்பிள்ளை ஐயாவோட நாள்வழியும் (தினசரி வரவு செலவு நோட்டு) பேரேடுமே (ஆளுக்கு ஆள் தனித்தனியா கணக்கு எழுதுற பெரிய நோட்டு) எங்களுக்குப் போதுமா இருந்துச்சு. சித்திரை 1 அன்னிக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் வெச்சு, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்'னு எழுதி ஆரம்பிப்பாரு. முப்பது வருஷக் கையெழுத்து. திடீர்னு 5 பர்சன்ட் வரி, பில்லுக்கு பில்லு நம்பர், மாசாமாசம் ரிட்டர்ன்னு வரிக் கணக்கு தாக்கல். நான் கம்ப்யூட்டர் வாங்கி டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேரைப் போட்டு, பேரேட்டை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டி, "ஐயா, இனிமே இது வேண்டாம்"னு எல்லாப் பசங்க முன்னாடியும் சொல்லிட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லல. கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில தொடைச்சாரு, தொடைச்சுகிட்டே இருந்தாரு. மறுநாள் வரல.

அந்த நாலு நாள்ல என்ன ஆச்சுன்னா, ஒரே பேர்ல எங்களுக்கு ரெண்டு பார்ட்டி, அதாவது துணி வாங்குற வியாபாரிங்க, ஒண்ணு பள்ளிபாளையம், இன்னொண்ணு பாலக்காடு. நான் பள்ளிபாளையத்துக்காரர் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டு பாலக்காட்டுக்கு பில் அடிச்சுட்டேன். வெளி மாநிலத்துக்கு விக்கிறப்ப ஐஜிஎஸ்டிங்கிற ஒரே வரி போட வேண்டிய இடத்துல ரெண்டரை ரெண்டரை பர்சன்ட்டா உள்ளூர் வரி விழுந்துருச்சு, பாலக்காட்டுக்காரர் எனக்கு இன்புட் (வாங்கினப்ப கொடுத்த வரியைக் கழிச்சுக்கிறது) எப்படி வரும்னு போன்ல சத்தம் போட்டாரு. இந்த மாதிரி எத்தனை பார்ட்டி இருக்குன்னு எனக்குத் தெரியாது, அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அஞ்சாவது நாள் அவரு வீட்டுக்கே போனேன். "தப்பு என்மேலதானுங்க ஐயா, பார்ட்டி லிஸ்ட்டை நீங்கதான் சரி பார்க்கோணும்"னேன். ரொம்ப நேரம் கழிச்சு, "பேரேடு எங்க தம்பி?"ன்னு மட்டும் கேட்டாரு. மூணு மாசம் பேரேடு, டேலி ரெண்டையும் சேர்த்தே ஓட்டினோம், பீரோ சாவி அவரு மடியில. ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு எண் மாநிலம், நமக்கு 33, கேரளாவுக்கு 32ன்னு சொன்னதுதான் தாமதம், பிரிண்ட்டை வெச்சுகிட்டு ஒவ்வொரு வரியா விரலை ஓட்டி, ஆறு தப்பு பிடிச்சாரு. அதுக்கப்புறம் அவரு பார்க்காம எந்தப் புதுப் பார்ட்டியையும் ஏத்துறதில்லைன்னு ஆச்சு. டைப் அடிக்க அவரு கடைசி வரைக்கும் கத்துக்கல, தேவையும் படல.

உடனே ஒருத்தர் வருவாரு, எல்லாருக்கும் இப்படித் தாங்கிகிட்டே இருந்தா கடை நடத்த முடியுமான்னு. நான் தாங்கச் சொல்லல. ரிட்டர்ன் தேதி யாருக்காகவும் நிக்காது, அதை நானும் தள்ளல. அவரை எதுக்காகக் கடையில மதிச்சாங்களோ அதைப் புடுங்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இதுல இன்னொரு வயித்தெரிச்சல். அப்போ வியாபாரிங்களுக்குன்னு ஒரு டிரெய்னிங் போட்டாங்க, மூணு மணி நேரம் முழுக்க இங்கிலீஷ் ஸ்லைடு. உக்காந்திருந்ததுல பாதிப் பேரு சந்தைக்குத் துணி மூட்டை ஏத்தி இறக்குறவங்க. ஒருத்தர் எந்திரிச்சு தமிழ்ல சொல்லுங்கன்னு கேட்டதுக்கு, 'டெர்ம்ஸ் எல்லாம் தமிழ்ல வராது சார்'னு பதில். ஏன் வராது? வரவு, செலவு, பற்றுன்னு சொல்லாமலா இத்தனை காலம் வியாபாரம் பண்ணினோம்? அப்புறம் எங்க ஆளுங்களைப் பார்த்து மாற மாட்டேங்கிறாங்கன்னு சொல்றது.

வீட்டுக் கதையும் அதேதான். அப்பாவுக்கு சுகர் ஏறினப்ப ராத்திரிச் சோறு கட்னு ஆர்டர் போட்டேன். அவரு பத்து நாள்ல முனைக்கடையில புரோட்டா சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு, சாப்பிட்டுட்டு வந்து என் முகத்தைப் பார்க்காம போய்ப் படுப்பாரு, அதுதான் எனக்கு வலிச்சுது. கடையில பட்டும் எனக்கு வீட்டுல புத்தி வரல பாருங்க. அப்புறம்தான் ராத்திரிச் சோத்துக்குப் பதிலா கம்புன்னு வெச்சு, "கம்பு எது நல்லதுன்னு எனக்குத் தெரியலைங்கப்பா, சந்தைக்கு நீங்களே போய் வாங்கிட்டு வாங்க"ன்னு பையைக் கொடுத்தேன். காடு ஓட்டின மனுஷன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில தேய்ச்சு, ஊதி, ரெண்டு மணி வாயில போட்டுக் கடிச்சுப் பார்த்துத்தான் வாங்குவாரு. கம்பும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம்னு டாக்டர் சொல்லியிருக்காரு, மாத்திரையும் மாத்தியிருக்காரு, அதனால கம்பு சுகரைக் குறைச்சுதுன்னு நான் சொல்லல. புரோட்டா நின்னுச்சு, அவ்வளவுதான் சொல்றேன்.

நோம்பி, பண்டிகை நாள்ல மட்டும் ராத்திரி ஒரு கரண்டி சோறு கேட்பாரு. அம்மா போடுவாங்க, நான் தட்டைப் பார்க்கிறதில்ல.