கடலில் விழுந்து உடல் கிடைக்காமல் போன போர் விமானியை நம்ம ஊர்ப் பக்கம் எப்படி நினைவுகூரலாம்?

உடல் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடலாம், கல்லும் நடலாம். இரண்டுக்கும் மதுரை வட்டாரத்தில் வழி உண்டு. ஆனால் விமானி ஒருவரின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

என் பெரியப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கடற்படைக்குப் போனவர். கோவா டபோலிம் தளத்தில் அலிஸே விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தார். அலிஸே பிரான்சில் செய்தது, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் விமானம். வயிற்றுப் பகுதியில் ஒரு ரேடார் கூடு இருக்கும். பறக்கும்போது அதைக் கீழே இறக்குவார்கள். விமானியும் இன்னொருவரும் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, மூன்றாமவர் பின்னால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கருவிகளைப் பார்ப்பார். ஒற்றை எஞ்சின்தான்.

1971 டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர் பலி. மறுநாள் டிசம்பர் 10 அன்று அரபிக்கடலின் மேல் பறந்த ஓர் அலிஸேயைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் என்ற போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அலிஸேயின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும். தப்பி ஓடவும் முடியாது, திருப்பி அடிக்கவும் வழியில்லை. அலிஸேயில் இருந்தவர்கள் லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, விமானக் குழு மாலுமி விஜயன். மூவரும் திரும்பவில்லை.

யாராவது "ராய் விமானம்" என்று பேச்சை எடுத்தால் பெரியப்பாவுக்குப் பொறுக்காது. "மூணு பேருய்யா அதுல. பின்னாடி உக்காந்திருந்தவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான்" என்பார். அவர் சொன்னதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. செய்திகளில் விமானி நிற்பார், அதிகாரி நிற்பார், மாலுமி கரைந்துவிடுவார்.

மகாளய அமாவாசைக்கு அவர் திருப்புவனம் போவார். காசியைவிட ஒரு வீசம் புண்ணியம் கூட என்று நம் ஜனங்கள் சொல்லும் வைகைக்கரை அது. சொந்தக்காரர் அல்லாத நண்பர்களுக்கும் அன்று காருண்ய பித்ருக்கள் என்று நீர் விடலாம். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். ஐயருக்குச் சிரோஹி என்ற பெயர் வாயில் நுழையவில்லை, ஏதோ சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். பெரியப்பா கையில் இருந்த எள்ளை விடாமல் மூடிக்கொண்டு, "சாமி, பேரு சரியா வரட்டும்" என்றார். ஐயர் கோபிக்கவில்லை. எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொண்டு மறுபடி சொன்னார். அதற்குப் பிறகுதான் எள் தண்ணீரில் விழுந்தது.

காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு இது இவ்வளவு லேசான காரியம் இல்லை. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். மனசு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. திதி கொடுக்க ஒப்பாத தாய்மார்களை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் விளக்கேற்றிக் காத்திருப்பதும் நினைவுதான்.

இனி கல். ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கிடைத்தன. 2000 வருடத்துக்கும் முந்தியவை. அதில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில் விழுந்த பேடு ஊர்த் தீயன் அந்தவனின் கல். ஆள் யார், எந்த ஊர், எந்தச் சண்டை: அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. புகழ்ச்சி ஒரு சொல் கிடையாது. எனக்குத் தெரிந்து கடலில் போனவர்களுக்கும் இதைவிடச் சரியான முறை இல்லை. உடல் கிடைக்காத வீரர்களுக்கு உலகம் முழுக்கப் பெயர்ச்சுவர்தான் எழுப்புகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் தெற்கு, கிழக்கு ஆசியக் கடல்களில் மறைந்த காமன்வெல்த் விமானப்படையினர் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் இருக்கின்றன.

ஊரிலோ பள்ளியிலோ கல் வைக்க நினைத்தால் கிரானைட் வாங்கிக்கொள்ளலாம். வீரவணக்கம், வரலாற்று நாயகன் என்றெல்லாம் இடத்தை அடைக்காமல் தேதி, கடல், விமானம், பெயர்கள் போதும். கல் வெட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமானியின் பெயரைப் பெரிதாகவும் மற்றவர்களைச் சிறிதாகவும் போட வேண்டாம் என்று. கூடப் பறந்த எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து.