பழைய பைபர்கிளாஸ் படகு வெளுத்துப்போச்சு, பெயிண்ட் அடிக்கணுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய பைபர்கிளாஸ் பாய்மரப் படகு வாங்கியிருக்கோம், 26 அடி, கரையில ஏத்தி வச்சிருக்கோம். கருநீலக் கலர்னு சொல்லித்தான் வித்தாங்க, இப்ப பார்த்தா சாம்பல். கை வச்சா உள்ளங்கை பூரா வெள்ளைப் பவுடர். கான்ட்ராக்டர் ஒருத்தர் முழுசா ஸ்ப்ரே அடிக்கணும், 9,000 வெள்ளி, பாதி முன்பணம்ங்கிறார். மச்சான் என்னடான்னா ஆன்லைன்ல ஒரு பாட்டில் இருக்கு, துடைச்சு விட்டா போதும் பளபளன்னு ஆயிடும்ங்கிறான். யார் பேச்சைக் கேக்குறது?
- பட்டர்வொர்த் வாசகர், மலேசியா

பதில்: தம்பி, ரெண்டு பேருக்கும் இப்ப காசு குடுக்காதீங்க. முதல்ல ஒரு வாளி தண்ணி எடுத்துட்டுப் போய் வெளுத்த இடத்துல ஊத்திப் பாருங்க. ஈரமா இருக்குறப்ப பழைய நீலம் தெரியுதா? தெரிஞ்சா உங்க ஜெல்கோட் (பைபர்கிளாஸ் மேல இருக்குற கலர் பூச்சு) இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம், மேல் தோல் மட்டும்தான் வெயில்ல செத்துப் போயிருக்கு. அந்தத் தோல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும், அதுலதான் வெளிச்சம் சிதறி வெள்ளையா தெரியுது, தண்ணி குழியை நிரப்பினதும் கலர் திரும்பி வருது. காய்ஞ்சா மறுபடி சாம்பல்தான். நனைச்சும் திட்டுத்திட்டா இருக்கு, உள்ளே நார் தெரியுதுன்னா அப்ப பாலிஷ் வேலைக்கு ஆகாது, பெயிண்ட்தான்.

மச்சானோட பாட்டில் பெரும்பாலும் அக்ரிலிக் கோட்டிங்கா இருக்கும். அதுவும் அந்தத் தண்ணி செய்யுற வேலையைத்தான் செய்யுது, குழியை நிரப்புது, என்ன, கொஞ்ச நாள் நிக்கும். நம்ம ஊர் வெயில்ல மஞ்சளாகி உரிய ஆரம்பிச்சா அதைச் சுரண்டி எடுக்குறதே ஒரு தனி வேலை. விக்கப்போற படகுக்கு வேணும்னா அடிக்கலாம் (நான் சொன்னேன்னு சொல்லாதீங்க).

செலவு கம்மியான வழி காம்பவுண்ட் (செத்த மேல் தோலைத் தேய்ச்சு எடுக்குற பாலிஷ் பசை) போட்டுத் தேய்க்குறது. சோப்புத் தண்ணில கழுவி, துருக்கறை இருந்தா கிளவுஸ் போட்டுக்கிட்டு ஆக்ஸாலிக் ஆசிட் வச்சு எடுத்து, பழைய வேக்ஸை அசிட்டோன் துணியால துடைச்சிட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி இடத்துல மட்டும் கம்பளிப் பேட் வச்ச பாலிஷர்ல மெதுவான ஸ்பீட்ல ஓட்டிப் பாருங்க, ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, சூடாகி எரிஞ்சிடும். 3எம், மெக்வயர்ஸ் ரெண்டுலயும் படகுக்குன்னே காம்பவுண்ட் இருக்கு, சின்ன டப்பா வாங்கினா போதும் இந்த டெஸ்டுக்கு. பேட் நீலமாகும், பயப்படாதீங்க, அது செத்த ஜெல்கோட். காம்பவுண்டுக்கு அசையலைன்னா மட்டும் 1000 நம்பர் சேண்ட் பேப்பர், தண்ணி விட்டு, அப்புறம் 1500, 2000, கடைசியா மறுபடி காம்பவுண்ட். ஜெல்கோட் மொத்தமே அரை மில்லிமீட்டர் கிட்டத்தான் இருக்கும், ஓரத்துலயும் மூலையிலயும் அதைவிடக் கம்மி, அங்க மிஷின் வேணாம், கையால தேய்ங்க. நிழல் இல்லைன்னா காலையிலயே முடிச்சிடுங்க, வெயில்ல காம்பவுண்ட் காய்ஞ்சு ஒட்டிக்கும்.

மினுக்கு வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நிறையப் பேர் விட்டுடுறாங்க, வேக்ஸ் போடலைன்னா அவ்வளவு உழைப்பும் சீக்கிரமே வெளுத்துடும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போடணும், கருநீலம்னா வெளுக்குறது இன்னும் பளிச்சுன்னு தெரியும். தண்ணிக்குள்ள இருக்குற அடிப்பாகம் வேற கதை, அங்க இருக்குறது பாசி பிடிக்காத செம்பு கலந்த பெயிண்ட், அதைக் காய்ஞ்ச நிலையில தேய்ச்சுத் தூசியை மூச்சுல இழுக்காதீங்க.

டெஸ்ட்ல தேறாம பெயிண்ட்தான்னு ஆச்சுன்னா, அந்த 9,000 வெள்ளியில 'முழுசா'ங்கிறது என்னன்னு எழுதி வாங்குங்க: டெக் சேர்த்தியா, பிரைமர் உண்டா, எத்தனை கோட், என்ன பிராண்ட், டூ-பேக் பாலியூரித்தேனா (ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்குற பெயிண்ட்). டூ-பேக்ல ஐசோசயனேட்ங்கிற, மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்குற ரசாயனம் இருக்கு, சாதா மாஸ்க் போட்டு ஸ்ப்ரே அடிக்குற ஆளா இருந்தா அவர்கிட்ட குடுக்காதீங்க. பாதிப் பணம் முன்கூட்டி வேணாம், சாமான் வாங்குற அளவுக்கு மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை வேலை ஆக ஆக குடுங்க. சொந்த உபயோகத்துக்கான படகு, வேலை சொதப்பிடுச்சுன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்ல, மூணு வருஷத்துக்குள்ள போகணும். படகை வாடகைக்கு விட்டு சம்பாதிக்குறீங்கன்னா அங்க கேஸ் நிக்குறது கஷ்டம்.

அப்புறம், டெக்ல கால் வைக்குற சொரசொரப்பான இடத்துல மட்டும் வேக்ஸ் போட்டுடாதீங்க, மழையில மச்சான் நேரா கடல்லதான் இருப்பார்.