கிருஷ்ணகிரி முதல் புதுச்சேரி வரை சைக்கிளில்: மூன்று மாதத்தில் தயாராக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 41. காவேரிப்பட்டினத்தில் இருக்கிறேன், அரசுப் பள்ளி ஆசிரியை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளுக்கு நிதி திரட்ட, தை மாதக் கடைசியில் கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் புதுச்சேரிக்கு இரண்டு நாள் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். எங்கள் பள்ளியில் நான்கு ஆசிரியைகள் பெயர் கொடுத்துவிட்டோம். இப்போது தினமும் பள்ளிக்குப் போய்வர ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். 15 கிலோமீட்டரைத் தாண்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, சீட்டில் உட்காரவும் முடியவில்லை. சாதாரண கியர் சைக்கிள் இருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி போதுமா? புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

பதில்: போதும். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளை எடுக்க முடிந்தால் தாராளமாகப் போதும். புது சைக்கிளும் வேண்டாம்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய 105 கிலோமீட்டர். அங்கிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலே ஒரு நாள் தூரம் ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். பல நாடுகளில் நடக்கும் 'பிரெவே' என்ற நெடுந்தூரப் பயணத்தில் 200 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். அந்தத் தூரத்துக்கு உங்களுக்கு இரண்டு பகல் இருக்கிறது. ஆகவே வேகத்தைப் பற்றிய கவலையை இன்றே விடுங்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏழு மணி நேரம் உட்கார்ந்த அதே சீட்டில் மறுநாள் விடியற்காலையில் மறுபடி உட்கார வேண்டும். நான் பார்த்தவரை, இந்த மாதிரிப் பயணங்களைப் பாதியில் விடுகிறவர்களில் கால் பலம் இல்லாமல் விடுகிறவர்கள் குறைவு. உட்காருமிடம் புண்ணாகி, கை மரத்து, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் விடுகிறவர்களே அதிகம். பயிற்சியை அதற்காகத்தான் செய்ய வேண்டும்.

தூரத்தைக் கூட்டுவதற்கு முன், இந்த வாரமே உங்கள் சைக்கிளைச் சரிசெய்யுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது சீட்டின் உயரத்தை. நம் ஊரில் பெண்கள் பலரும், நின்றால் இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போய்வர அது போதும். நீண்ட தூரத்தில் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் அளவுக்கு மீறி மடங்கி, அதன் சில்லின் மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், அதற்காக இடுப்பு சாயக் கூடாது. அந்த உயரத்தில் சீட்டை இறுக்குங்கள். பிறகு வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான நிலை. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். இதை ஆள் இல்லாத மைதானத்தில் ஒரு மாலை முழுக்கப் பழகுங்கள், பயம் போய்விடும். உயரத்தை ஒரேயடியாக மாற்றாமல் சில நாள் இடைவெளி விட்டு அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டராக ஏற்றுங்கள். முன்பக்க வலி போய் முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முழங்காலுக்கு இன்னொரு எதிரி, கனமான கியரை அழுத்தி அழுத்தி மிதிப்பது. எளிதான கியரில் கால் வேகமாகச் சுற்றட்டும். நிமிடத்துக்கு 80 சுற்று நல்ல இலக்கு. ஆரம்பத்தில் 70 வந்தாலே போதும். பதினைந்து வினாடிக்கு வலது கால் எத்தனை முறை கீழே போகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்து சீட். வலிக்கிறதே என்று மெத்து மெத்தென்ற ஜெல் உறையை வாங்கிப் போடாதீர்கள். நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகள். அவை மெத்தையில் அமிழ்ந்தால் எடை முழுக்க நடுவில் இருக்கும் மென்மையான பகுதிக்குப் போய்விடும், உராய்வும் கூடும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாக அகலம் என்பதால் கொஞ்சம் அகலமான, கெட்டியான, நடுவில் பள்ளம் உள்ள சீட் பொருந்தும். செலவு செய்வதாக இருந்தால் அதற்கும், திண்டு வைத்த இரண்டு சைக்கிள் ஷார்ட்ஸுக்கும் செய்யுங்கள். சுடிதார் பேன்ட்டுக்கு உள்ளே அணியலாம், வெளியே தெரியாது. ஆனால் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியக் கூடாது. தையல் விளிம்புதான் தோலை அறுக்கும். உராயும் இடத்தில் வாசலின் தடவிக்கொண்டு, ஓட்டி முடித்த உடனே மாற்றித் துவைத்துவிடுங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம். செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆளையே இழுத்துத் தள்ளும். முதல் இரண்டு வாரம் எலும்பு படும் இடத்தில் வலிப்பது இயல்பு, தானே பழகிவிடும். உட்காருமிடத்தின் முன்பக்கம் மரத்துப் போவது இயல்பல்ல. சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் அதை மட்டமாக்குங்கள். கை விரல் மரத்தால் ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தி, பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கு முன் முக்கால் மணி நேரம், சனிக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். முதல் சனி 20 கிலோமீட்டர், பிறகு வாரம் ஏழெட்டுக் கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துவிடுங்கள். உடம்பு தேறுவது அந்தக் குறைந்த வாரத்தில்தான், அதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பத்தாவது, பதினோராவது வாரத்தில் 75, 80 கிலோமீட்டர் வந்துவிட்டால் போதும், 105 கிலோமீட்டரை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு வார இறுதியிலாவது சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓட்டியே ஆக வேண்டும். சனி 65 என்றால் ஞாயிறு 45. இரண்டாம் நாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. எல்லாம் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகும் வேகத்தில்தான்.

எங்கே ஓட்டுவது? கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்வருவது ஆரம்ப வாரங்களுக்கு வசதி. தூரம் கூடும்போது போச்சம்பள்ளி, மத்தூர் பக்கம் போங்கள், மத்தூரைத் தாண்டினால் நீங்கள் பயணம் போகப்போகும் ஊத்தங்கரைச் சாலையே வந்துவிடும். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும், அன்று அந்தப் பக்கம் மாடுகளும் மினி லாரிகளுமாக இருக்கும். நான் சனிக்கிழமை என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள், தொப்பூர் கணவாய்ப் பக்கம் போகவே வேண்டாம். ஏற்றம் பழக ஒகேனக்கல் போகலாமா என்று யாராவது கேட்பார்கள். பென்னாகரத்திலிருந்து இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவது நல்ல பயிற்சிதான். ஆனால் அது யானை நடமாடும் காடு, விடியலிலும் அந்தியிலும் போகக் கூடாது. உங்கள் பயணத்துக்கு அது தேவையும் இல்லை. கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர். திருவண்ணாமலை அதில் பாதிக்கும் குறைவு, புதுச்சேரி கடலோரம். மேடு பள்ளம் வந்தாலும் மொத்தத்தில் நீங்கள் இறங்கிக்கொண்டேதான் போகிறீர்கள்.

எனவே ஏற்றத்தைவிடக் காற்றுக்குத் தயாராகுங்கள். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், நீங்கள் கிழக்கே போகிறீர்கள். இரண்டாம் நாள் செஞ்சியைத் தாண்டிய பின், முற்பகலுக்கு மேல் கடல்காற்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். சமதரையிலேயே வேகம் மணிக்கு 11, 12 என்று விழும், பயந்துவிடாதீர்கள். கியரைக் குறைத்து, உடம்பைச் சற்றுத் தாழ்த்தி, நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக இரண்டு மூன்று அடி இடைவெளியில் போய், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவரை மாற்றுங்கள். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். இதையும் இப்போதே பழக வேண்டும். பிரேக் பிடிப்பதையும் பள்ளத்தையும் முன்னால் போகிறவர் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். அன்று விடியலில் கிளம்பி, மதியத்துக்குள் திண்டிவனத்தைத் தாண்டப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை சில வாரங்களைத் தின்றுவிடும். பரவாயில்லை. இடி மின்னலில் வெளியே போகாதீர்கள், விட்ட தூரத்தை அடுத்த வாரத் தூரத்தோடு சேர்த்து ஓட்டவும் ஓட்டாதீர்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சாலையோரத்தில் கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறார்கள். பள்ளியிலும் பல ஆசிரியைகள் இதே பழக்கத்தில் இருக்கிறார்கள். ஏழு மணி நேர உழைப்பில் இது ஆபத்து. தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம், பிறகு சிறுநீர்த்தொற்று. சிறுநீரக நோயாளிகளுக்காகப் போகும் பயணத்தில் நீங்கள் உங்கள் சிறுநீரகத்தை வருத்தக் கூடாது. அமைப்பாளர்களிடம் நான்கு பேரும் சேர்ந்து கேளுங்கள்: 20, 25 கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை முன்கூட்டியே பார்த்து வைக்கப்பட வேண்டும். பெட்ரோல் பங்குகளில் பொதுமக்களுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. எது திறந்திருக்கிறது, எது சுத்தமாக இருக்கிறது என்று ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்து எழுதிவந்தால் போதும். இது சலுகை அல்ல, தண்ணீர் ஏற்பாடு மாதிரி இதுவும் அடிப்படை ஏற்பாடு. மாதவிடாய் அந்த நாட்களில் வரலாம் என்றால், எது வசதி என்பதைப் பயிற்சி ஓட்டத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு தைரியமாகக் குடியுங்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்த்திருக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட நீர்மோர் அருமை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை மட்டுமே நம்பாமல் உப்புக்கடலையும் கொஞ்சம் கொறியுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் இரண்டு மணி நேரத்தில் தளர ஆரம்பிக்கும். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம், நாலு பேரீச்சம்பழத்தில் 20 கிராம். கூடவே கடலை மிட்டாய். ராகிக் களி நம் ஊர்ச் சாப்பாடு, முந்தின நாள் இரவுக்கு நல்லது. கிளம்பும் காலையில் வேண்டாம், நார்ச்சத்தால் வயிறு கனத்துக் கிடக்கும். காலையில் இட்லி போதும். எதையும் முதல் தடவையாகப் பயண நாளில் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

பயிற்சி தொடங்கும் முன் நால்வரும் ஹீமோகுளோபின் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது இருந்தால் எவ்வளவு பழகினாலும் மூச்சு வாங்கும், நம் உடம்பு இவ்வளவுதான் என்று நினைத்து விட்டுவிடுவோம். நாற்பது தாண்டிவிட்டதால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்த்தே பாருங்கள். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

சாலையில் சில விஷயங்கள். தை அறுவடைக் காலம். தார்ச்சாலையில் நெல்லையும் கதிரையும் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். முன்பே வேகம் குறைத்து நேராகப் போங்கள். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்விளக்கு பெரும்பாலும் இருக்காது, அதனால் இருட்டில் ஓட்டவே வேண்டாம். பின்னால் சிவப்பு மினுக்கு விளக்கு பகலிலும் எரியட்டும், ஹெல்மெட் கட்டாயம். ஒரு உதிரி ட்யூப், டயர் நெம்பி, கைபம்ப் ஆகியவற்றை ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, நால்வரும் பஞ்சர் மாற்றப் பழகுங்கள். சீமைக்கருவேல முள் ஆள் பார்த்துக் குத்துவதில்லை. அப்புறம் தேதி. தங்கும் இரவு திருவண்ணாமலையில் என்றால் அது பௌர்ணமியாக, அதிலும் தைப்பூசமாக இருக்கக் கூடாது. கிரிவலக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, ஊருக்குள் சைக்கிளும் நுழையாது. அமைப்பாளர்கள் பார்த்திருப்பார்கள், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

நிதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பணம் உங்கள் கைக்கோ உங்கள் கணக்குக்கோ வராமல் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதைக் கொடுப்பவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் சாப்பாடு, தங்கும் செலவை நன்கொடையிலிருந்து எடுக்கிறார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும், வாரம் இரண்டு மூன்று முறை போய்வரும் செலவும் அன்றைய கூலி போவதும் குடும்பங்களை உலுக்குகின்றன. பணம் அதற்கும் போகுமா என்பதைத் தெரிந்துகொண்டால் நன்கொடை கேட்பதும் எளிது.

கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள், நன்றாகத் தூங்குங்கள். முதல் நாள் மாலை திருவண்ணாமலை சேர்ந்த உடனே குளித்து, உடை மாற்றி, அரை மணிக்குள் வயிறார ஏதாவது சாப்பிடுங்கள். சைக்கிளைத் துடைத்து டயரில் காற்றும் பார்த்து வைத்துவிட்டால் காலையில் அவசரப்பட வேண்டாம். மறுநாள் முதல் அரை மணி நேரம் சீட் குத்தும், கால் கனக்கும். அந்த நேரத்தில் முடிவு எதுவும் எடுக்காதீர்கள். மிக எளிதான கியரில் மெதுவாக மிதித்துக்கொண்டே இருங்கள், பத்துக் கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் இளகிவிடும். அதன் பிறகும் முழங்கால் குத்திக்கொண்டே இருந்தால் தயங்காமல் கூட வரும் வண்டியில் ஏறி அடுத்த நிறுத்தம் வரை வாருங்கள், வலி தணிந்தால் அங்கிருந்து மறுபடி மிதிக்கலாம்.