செங்கல் இருந்தால் வீடு வந்துவிடுமா?

கேள்வி: சென்ற இதழில் எலும்பைப் பற்றிய கட்டுரையில் செல், மரபணு, மூலக்கூறு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். எலும்பு என்பது இறுகிப்போன சுண்ணாம்புதானே? வளர்ச்சி நின்றபின் அதில் நடப்பதற்கு என்ன இருக்கிறது? தேய்ந்தால் கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்ளப் போகிறோம். சாதாரண வாசகனை எதற்காக இப்படிக் குழப்புகிறீர்கள்?

பதில்: ‘இறுகிப்போன சுண்ணாம்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கோழியின் கால் எலும்பைச் சுத்தம் செய்து, வினிகரில் ஒரு வாரம் ஊறவையுங்கள். நடுவில் ஓரிரு முறை வினிகரை மாற்றுங்கள். அமிலம் எலும்பிலுள்ள கால்சியம் உப்பைக் கரைத்து எடுத்துவிடும். உங்கள் கணக்குப்படி பாத்திரத்தில் எதுவும் மிஞ்சக்கூடாது. ஆனால் எலும்பு அதே உருவத்தில் கிடக்கும். கையில் எடுத்தால் ரப்பரைப் போல வளையும். அந்த மிச்சம் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்ட மூலக்கூறு அது. இந்த நார்களை முதலில் விரித்து, அவற்றின் இடுக்குகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகங்களைப் படியவைத்தால்தான் எலும்பு. இரண்டு வேலையையும் நடத்துவது ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல். கால்சியம் செங்கல் என்றால் இந்தச் செல் கொத்தனார். லாரி லாரியாகச் செங்கல் இறக்கினாலும் கொத்தனார் வராத மனையில் சுவர் எழும்பாது.

உவமைதானே என்று தள்ளிவிடாதீர்கள். கருவில் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. அந்த அச்சின் நடுவிலுள்ள செல்கள் பருத்து, இரத்தக் குழாய்களை வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. குழாய்களோடு ஆஸ்டியோபிளாஸ்ட்டின் முன்னோடிச் செல்களும் உள்ளே நுழைந்து, குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பைக் கட்டுகின்றன. மண்டையோட்டின் தட்டை எலும்புகளுக்கு இந்த அச்சுகூடத் தேவையில்லை; அவை சவ்விலிருந்து நேரடியாக உருவாகின்றன. முன்னோடிச் செல்லை ஆஸ்டியோபிளாஸ்ட்டாக மாற்றும் ஆணையைத் தருவது ரன்எக்ஸ்2 என்ற மரபணு. அதை முழுவதும் நீக்கிய எலிகளைப் பற்றி 1997இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. குட்டிகளின் உடலில் எலும்புக்கூட்டின் வடிவம் இருந்தது, எலும்பு இல்லை. வெறும் குருத்தெலும்பு. விலா எலும்புகள் உறுதிப்படாததால் மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடனேயே இறந்தன. தாய் எலிக்குக் கால்சியத்தில் குறைவில்லை. மனிதரில் இதே மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால், தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு குறையாக வளர்கிறது, அல்லது இல்லாமலே போகிறது. அப்படிப் பிறந்தவர்களில் சிலர் இரு தோள்களையும் மார்புக்கு முன்னால் ஒன்றோடொன்று தொடவைக்க முடியும்.

வளர்ச்சி நிற்பதும் ஓர் ஆணையால்தான். நீண்ட எலும்பின் முனைக்கருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் படலம் இருக்கிறது; உயரம் கூடுவது அங்கேதான். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதை மூடுகிறது, ஆண்களிலும் அதுவே. 1994இல் மருத்துவ உலகம் 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி அறிந்தது. ஆண் ஹார்மோனில் அவருக்குக் குறையில்லை. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதம்தான் பழுது. அந்த வயதிலும் வளர்ச்சித் தட்டுகள் மூடாமல், 204 சென்டிமீட்டர் உயரத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

‘வளர்ச்சி நின்றபின் என்ன இருக்கிறது’ என்றீர்கள். உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்திய வரி இதுதான். 1740இல் ஆன்சன் தலைமையில் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல்களில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியது. அந்தப் பயணக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது: நெடுநாளைக்கு முன் ஒடிந்து முழுவதும் கூடியிருந்த எலும்பு, ஒருபோதும் சேராததைப் போல மறுபடி பிரிந்துவிட்டதாம். கொலாஜனின் முறுக்கு நிலைப்பதற்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காதபோது புதிய கட்டுமானம் நின்றுபோகும்; பழையதை இடிக்கும் வேலையோ நிற்காது. ஆறிய எலும்பு ஒரு முறை ஒட்டிய பொருள் அன்று. நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதால்தான் அது சேர்ந்தே இருக்கிறது.

இடிப்பது ஆஸ்டியோகிளாஸ்ட். இரத்தச் செல்களின் வம்சத்தில் வந்த பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவாகும் பெரிய செல். எலும்பின் மேல் விளிம்பு கசியாமல் ஒட்டி உட்கார்ந்து, தனக்கடியில் அமிலத்தைச் சுரந்து படிகத்தைக் கரைக்கும். பின் நொதியால் கொலாஜனை அரிக்கும். சில வாரங்களில் அது தோண்டிய குழியை நிரப்ப ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளுக்கு மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும். இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு புதிதாகிறது. எங்கே இடிப்பது, எங்கே கட்டுவது என்று மேற்பார்ப்பவை ஆஸ்டியோசைட்டுகள். எலும்பைக் கட்டும்போதே அதற்குள் புதைந்துபோன ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள்தான் இவை. எலும்புச் செல்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவையே. நுண்ணிய கால்வாய்களின் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, உடலின் பாரத்தை உணர்கின்றன. பாரம் விழாத எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தியை இழப்பது இதனால்தான். அங்கே கால்சியம் கொடுத்தும் பார்த்தார்கள். அது மட்டும் போதவில்லை.

என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, எட்டு ஆண்டுகளாக வேளை தவறாமல் கால்சியம் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, இடிக்கும் செல்களைக் கிளப்பிவிடும் ரேங்க்எல் என்ற புரதம் ஓங்கிவிடுகிறது என்பதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனவே உங்கள் கடைசிக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கால்சியம் தேவையில்லை என்று சொல்லவில்லை. செங்கல் இல்லாமலும் வீடு கட்ட முடியாது. ஆனால் 50 வயதைத் தாண்டிய பெண், ‘மாத்திரை சாப்பிடுகிறேனே’ என்று எலும்பின் அடர்த்தியைச் சோதிக்காமலே இருந்துவிடுவதற்கு நீங்கள் சொல்லும் அந்தச் ‘சுண்ணாம்பு’ நினைப்புதான் காரணம்.

மூலக்கூறு எதற்கு என்றீர்கள். தென்னாப்பிரிக்காவில், டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்கும் அரிய நோய் உண்டு. 2001இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்டியோசைட்டுகள் ‘கட்டியது போதும்’ என்று சொல்லச் சுரக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் அவர்களுக்கு உருவாவதில்லை. அந்தப் புரதத்தைத் தடுத்தால் மெலிந்த எலும்பிலும் கட்டுமானம் கூடும் அல்லவா? அப்படிப் பிறந்த ரோமோசோசுமாப் என்ற ஊசி மருந்து, எளிதில் முறியும் எலும்புள்ளவர்களுக்காக 2019இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.