சளி கல்ச்சரில் கிருமி வரவில்லை, காய்ச்சலும் விடவில்லை: அடுத்து என்ன?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பல வருடமாகச் சர்க்கரை நோய். திருவாரூர் பக்கம் சொந்த நிலம். இன்றும் வயலில் இறங்கி வேலை பார்ப்பவர். அடைமழை சமயத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தது. ஊர் டாக்டரிடம் மூன்று நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. எக்ஸ்ரே எடுத்து, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் பாக்டீரியா நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டு ஐந்து நாள் ஆகியும் சாயங்காலமானால் 101 டிகிரி காய்ச்சல் அடிக்கிறது. சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் 'வாயில் இயல்பாக இருக்கும் கிருமிகள் மட்டுமே' என்று வந்திருக்கிறது. எந்தக் கிருமி என்றே தெரியாமல் எப்படி மருந்து கொடுக்கிறார்கள்? கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு வெளியே பெரிய லேபுக்கு அனுப்பலாமா?

பதில்: கிருமி தெரியாமல் மருந்தைத் தொடங்கியது தவறில்லை. நிமோனியாவில் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்காக இரண்டு நாள் காத்திருந்தால் நோய் முற்றிவிடும். அதனால் வழக்கமாக வரும் கிருமிகளை மனதில் வைத்து உடனே ஊசியை ஆரம்பிப்பதுதான் எல்லா நாட்டிலும் நடைமுறை. தேடினாலும் பல சமயம் கிருமி கிடைப்பதில்லை. அமெரிக்காவில் சிகாகோ, நாஷ்வில் நகர மருத்துவமனைகளில் 2010 முதல் 2012 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நிமோனியாவோடு சேர்ந்த 2,259 பெரியவர்களுக்கு பலவிதமான பரிசோதனைகளைச் செய்து பார்த்தார்கள். 38 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு கிருமி அகப்பட்டது.

பெரும்பாலானவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், பெயர் தெரியாமலே குணமாகி வீட்டுக்குப் போவார்கள். உங்கள் அப்பா விஷயம் அப்படி இல்லை. ஐந்து நாள் ஊசிக்குப் பிறகும் காய்ச்சல், கூடவே சர்க்கரை, கூடவே மழைக்கால வயல் வேலை. இவருக்குக் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

முதலில் அந்தச் சளி ரிப்போர்ட்டையே இன்னொரு தடவை படியுங்கள். 'கிராம் ஸ்டெயின்' என்று ஒரு வரி இருக்கும். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைப் பார்ப்பதற்காக ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்பவர் பெர்லினில் உருவாக்கி, 1884-இல் வெளியிட்ட சாயமுறை அது. இன்றும் நிமோனியாவில் சீக்கிரமாகவும் மலிவாகவும் கிடைக்கும் தடயம் அதுதான். அந்த வரியில் பஸ் செல், எபிதீலியல் செல் என்று இரண்டு எண்ணிக்கை போட்டிருப்பார்கள். பஸ் செல் சீழைக் காட்டுவது. எபிதீலியல் செல் வாயின் உள்தோலிலிருந்து உதிர்வது. மைக்ராஸ்கோப்பில் குறைந்த உருப்பெருக்கத்தில் தெரியும் ஒரு வட்டத்துக்குள் பஸ் செல் 25-க்கு மேலும், எபிதீலியல் செல் 10-க்குக் கீழும் இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்த சளி. கணக்கு தலைகீழாக இருந்தால் லேபுக்குப் போனது எச்சில். எச்சிலில் வாய்க் கிருமி வளர்ந்ததை வைத்து நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இது அடிக்கடி நடப்பதுதான். நோயாளி கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு, எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லுவதில்லை. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ துருப்பிடித்த நிறத்திலோ கெட்டியாக வருவதுதான் வேண்டும். நுரைத்த வெள்ளை நீர் வேண்டாம். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும்; வார்டு மேஜையிலேயே மத்தியானம் வரை கிடந்தால் நிமோகாக்கஸ் (நிமோனியாவை உண்டாக்கும் முக்கியமான பாக்டீரியா) போன்ற மென்மையான கிருமி செத்துவிடும், வாய்க் கிருமிகள் பெருகிவிடும். ஏற்கெனவே மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வேளை மருந்துக்கே நிமோகாக்கஸ் கல்ச்சரில் வராமல் போகலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கல்ச்சரில் வளர்ந்ததெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகாது. முக்கியமாக 'கேண்டிடா' என்ற பூஞ்சை வந்திருக்கிறது என்று பயந்து மருந்து கேட்காதீர்கள். அது வாயில் குடியிருப்பது. நிமோனியா உண்டாக்குவது மிக அபூர்வம்.

இப்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை. நெஞ்சில் நீரோ சீழோ கட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு பார்த்தார்களா? நிமோனியா காய்ச்சல் விடாமல் இருப்பதற்கு இது முக்கியமான காரணம். சீழ் கட்டியிருந்தால் எந்த ஊசியும் தனியாகப் போதாது, குழாய் வைத்து வெளியே எடுக்க வேண்டும். அந்த நீரையும் கல்ச்சருக்கு அனுப்பலாம். அதில் வளரும் கிருமிக்கு வாய்க் கிருமியின் கலப்பு இருக்காது என்பதால் அந்த ரிப்போர்ட்டை நம்பலாம்.

அடுத்து, ரத்த கல்ச்சர். கை மாற்றி இரண்டு இடத்தில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 2 மில்லி எடுத்து அனுப்பிவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்பதில் பெரிய அர்த்தம் இல்லை. ஊசிக்கு முன்னால் எடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போதாவது அடுத்த வேளை ஊசிக்குச் சற்று முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இந்தக் கேள்வியில் உறுத்துவது மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா உண்டாக்கும் நோய். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. மழைக்காலம், வயல், சர்க்கரை நோய் மூன்றும் சேரும் இடத்தில்தான் அதிகம் தலைகாட்டும். சாதாரண நிமோனியா மாதிரியும் வரும், டி.பி. மாதிரியும் வரும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். லேபில் வளர்ந்தாலும் 'சூடோமோனாஸ்' என்று வேறொரு பாக்டீரியாவின் பெயரைத் தப்பாக எழுதிவிடுவதோ, ஏதோ கலப்படக் கிருமி என்று ஒதுக்கிவிடுவதோ உண்டு. ஆகவே "மெலியாய்டோசிஸ் சந்தேகம், வயலில் வேலை, சர்க்கரை நோயாளி" என்று டாக்டர் லேபுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி பல ஆயிரம் ரூபாய் பரிசோதனையைவிட உதவும். இது உறுதியானால் வைத்தியமே மாறும். செஃப்ட்ரியாக்சோனை இதற்கு நம்ப முடியாது. செஃப்டாசிடைமோ மெரோபெனமோ ஊசியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள், அப்புறம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். நடுவில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்.

டி.பி.யையும் விடக்கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வந்து நிமோனியா போலவே ஏமாற்றும். சளியில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மாற்ற நினைத்தால், அதற்கு முன்பே இந்தப் பரிசோதனைக்குச் சளியைக் கொடுத்துவிடுவது முக்கியம். அந்த மருந்து டி.பி. கிருமியையும் பாதி அடக்கி, நோயை மறைத்துவிடும்.

அப்பாவின் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் ஒரு தடவை பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்ற, சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் நுரையீரலைப் பாதிக்கும். கல்ச்சரில் வராது, செஃப்ட்ரியாக்சோனுக்கும் கேட்காது, டாக்சிசைக்ளின் போன்ற மருந்துக்குத்தான் கேட்கும்.

சரி, பல கிருமிகளை ஒரே தடவையில் தேடும் பி.சி.ஆர். பேனல்? என் கருத்தில் இப்போதைக்கு வேண்டாம். பட்டியலில் உள்ள கிருமிகளை மட்டுமே அது தேடும். பரவலாகக் கிடைக்கும் நிமோனியா பேனல்களில் மெலியாய்டோசிஸ் கிருமியும் டி.பி. கிருமியும் இருப்பதில்லை. எச்சிலைக் கொடுத்தால் அதிலும் குழப்பம்தான். நாளை ப்ராங்காஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது) செய்து நுரையீரலுக்குள்ளிருந்தே திரவம் எடுக்க நேர்ந்தால், அதைப் பேனலுக்கு அனுப்புவதில் அர்த்தம் உண்டு.

இதற்கிடையில் மூச்சு நிமிடத்துக்கு 30 தாண்டினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 92-க்குக் கீழே காட்டினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்த கல்ச்சரை லேபில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆனாலும், இறுதி ரிப்போர்ட்டை நீங்களே போய்க் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.