ரதவீதியில் உட்காரலாமா அண்ணாச்சி? சாலையோரச் சட்டம் பற்றிச் சில கேள்வி பதில்கள்

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். நிலத் தகராறும் ஜாமீன் மனுவும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் தள்ளுவண்டிக்காரர் யாராவது வந்தால் பீஸைப் பற்றி யோசிக்காமல் வழக்குக் கட்டை வாங்கிக்கொள்வேன். என் அப்பா திருநெல்வேலி டவுனில் சாக்கை விரித்துப் பனங்கிழங்கு விற்றவர். ஆனித் தேரோட்டம் நெருங்கும்போது ஒவ்வொரு வருஷமும் இந்த மாதிரிக் கேள்விகள் குவியும். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

டவுன், பூ வியாபாரம் செய்யும் அம்மா: வடக்கு ரதவீதியில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தேர் வருது, இடத்தைக் காலி பண்ணுங்கன்னு வந்து சொல்லிட்டுப் போறாங்க. போகத்தான் வேணுமா அண்ணாச்சி?

தேருக்கு வழி விடுவது வேறு, இடத்தை விட்டே போவது வேறு. வடம் பிடிக்கிற அன்று நாலு ரதவீதியும் வெறிச்சென்று இருந்தாக வேண்டும். நெல்லையப்பர் தேர் திரும்புகிற மூலையில் ஒரு கூடை இருந்தாலும் ஆபத்துதான். அதை எதிர்த்து வாதாட என்னைக் கூப்பிடாதீர்கள், வர மாட்டேன்.

ஆனால் தேர் நிலைக்கு வந்த பிறகும் "இனிமேல் இங்கே உட்காரக் கூடாது" என்றால் கதையே வேறு. சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வியாபாரிகள் எல்லோரையும் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை, ஏற்கெனவே தொழில் செய்பவர் யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. அதன் பிறகு அகற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போவது முன்னறிவிப்பு ஆகாது. இன்னொன்றும் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் காலங்காலமாகக் கூடுகிற இடத்தை இயற்கைச் சந்தை என்கிறது சட்டம். அப்படிப்பட்ட இடத்தை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்க முடியாது. 50 வருஷத்துக்கு மேல் நடக்கிற சந்தையென்றால் பாரம்பரியச் சந்தை, அங்கிருப்பவர்களை இடம் மாற்றவும் கூடாது. கோவில் வாசலில் பூ விற்பதைவிடப் பழைய வியாபாரம் நம்ம ஊரில் எது இருக்கிறது?

முறையான நோட்டீஸ் வந்து, கெடு முடிந்த பிறகும் பிடிவாதமாக உட்கார்ந்தால் நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் போடலாம். அதனால் நோட்டீஸ் வந்தால் மடித்து முந்தானையில் முடிந்து வைக்காமல் அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள்.

வண்ணார்பேட்டை, பழ வண்டி: சொல்லாமல் கொள்ளாமல் வந்து தராசையும் கொய்யாப்பழத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்துப் போனால் பழம் அழுகிக் கிடக்கிறது. நஷ்டத்தை யாரிடம் கேட்பது?

இதைப் படித்ததும் வயிறு எரிந்தது. என்னிடம் வந்த ஒரு வழக்கிலும் இதே கதைதான், அங்கே கொய்யாவுக்குப் பதில் சப்போட்டா.

நோட்டீஸ் கெடு தாண்டியும் காலி செய்யாதவரின் சரக்கைத்தான் எடுக்கலாம். எடுக்கும்போது என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதி, பொறுப்பான அலுவலர் கையெழுத்துப் போட்டு, நகலை உங்கள் கையில் தர வேண்டும். அழுகாத பொருளைக் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பழம், காய், மீன், பூ என்றால் கேட்ட அன்றைக்கே தர வேண்டும். இதெல்லாம் 19ஆம் பிரிவு.

நீங்கள் செய்த தப்பு மூன்று நாள் காத்திருந்தது. அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத் தாளில் "இத்தனை கிலோ கொய்யா, ஒரு தராசு, இத்தனை மணிக்கு எடுத்தார்கள், திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதி, நகலில் மாநகராட்சி ஆபீஸ் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாள் இருந்தால் நான் கோர்ட்டில் பேசலாம். இல்லாவிட்டால் அவர்கள் "பழமா? தராசு மட்டும்தானே இருந்தது" என்பார்கள். இப்போதும் மனு கொடுங்கள். சிவில் நீதிபதியாகவோ மாஜிஸ்திரேட்டாகவோ இருந்தவர் தலைமையில் குறைதீர் குழு அமைக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. கதவைத் தட்டிப் பார்ப்போம்.

மேலப்பாளையம், டீ வண்டி: மச்சான் துபாய் போய்விட்டான். அவன் விற்பனைச் சான்றிதழ் அட்டையை வைத்து நான் கடை நடத்தலாமா?

கூடாது தம்பி. அட்டை வாங்கும்போதே நானோ என் குடும்பத்தாரோதான் நடத்துவோம், வேறு பிழைப்பு இல்லை, யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். துபாயில் சம்பளம் வாங்கும் மச்சானுக்கு வேறு பிழைப்பு வந்துவிட்டது. அட்டை ரத்தானால் இரண்டு பேருக்கும் நஷ்டம். உங்கள் பேரில் தனியாக மனுப் போடுங்கள், வயது 14 முடிந்திருந்தாலே போதும்.

மனுப் போட்டதும் இடம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு வார்டின், மண்டலத்தின், ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேருக்குத்தான் இடம் என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது. யாருக்கு எங்கே என்பதில் நகர விற்பனைக் குழுவுக்குப் பெரிய பங்கு. ஆணையர் தலைவர், உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம்ம மாநகராட்சியில் 55 வார்டு இருக்கிறது. உங்களுக்காகக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியுமா? எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், தலையைச் சொறிகிறார்கள்.

நாங்குநேரி பக்கம், நுங்கு விற்பவர்: நான்குவழிச் சாலை ஓரம் பனையோலைப் பந்தல் போட்டு நுங்கும் பதநீரும் விற்கிறேன். ரோந்து வண்டியில் வந்து பிரிக்கச் சொல்கிறார்கள். 2014 சட்டத்தைக் காட்டலாமா?

காட்டினால் உங்களுக்குத்தான் சங்கடம். அந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற இடங்களுக்குத்தான். கிராம ஊராட்சிக்கு அது வராது. தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கு 2002ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் இருக்கிறது, ஆக்கிரமிப்பை எடுக்க நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கு அதில் நல்ல அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் உங்கள் பந்தலைக் கண்டு நானே எத்தனையோ தடவை காரை ஓரங்கட்டியிருக்கிறேன். ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் நுங்கைப் பார்த்துப் பிரேக் அடித்தால் பின்னால் வருகிற லாரிக்காரன் என்ன செய்வான்? சாலையோரத்து வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். நெடுஞ்சாலை எல்லைக் கல்லுக்கு வெளியே பட்டா நிலக்காரர் யாரையாவது கேட்டு, வண்டி இறங்கி நிற்க இடம் விட்டுப் பந்தல் போட்டால் யாரும் தொட முடியாது. எல்லைக் கல் எங்கே என்று விஏஓவிடம் கேளுங்கள்.

பேட்டை, இட்லிக் கடை: தினமும் ஒருவர் வந்து 50 ரூபாய் வாங்குகிறார். ரசீது கேட்டால் சிரிக்கிறார்.

ரசீது இல்லாத பணத்துக்கு மாமூல் என்று பேர். இனிமேல் கொடுக்கும்போது செல்போன் பணப் பரிமாற்றத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும்.

சான்றிதழ் நிபந்தனைப்படி தொழில் செய்கிறவரைப் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு காப்பாற்றுவது அட்டை இருப்பவரைத்தான். அட்டை இல்லாதவரிடம்தான் இந்த 50 ரூபாய் ஆள் வருவார். முதலில் அட்டை வாங்குங்கள். அட்டை இருந்தால் சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனும் கேட்கலாம். 2020இல் 10,000 ரூபாயில் தொடங்கிய முதல் தவணை இப்போது 15,000. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: காலையில் ஆறு மணிக்கே லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் பூண்டும் வெங்காயமும் விற்க வந்துவிடுகிறார்கள். கேட்க ஆளில்லையா?

ஐயா, விற்பது அவர் உரிமை, ஒலிபெருக்கி உரிமை இல்லை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் அறவே கூடாது. குடியிருப்பில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக வைக்கலாம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியும் தெருவுக்கு ஒரு பள்ளியும் இருக்கிற பாளையங்கோட்டையில் அந்த 100 மீட்டரைக் கழித்துவிட்டால் ஆட்டோ போக இடமே மிஞ்சாது. வாயால் கூவி விற்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. பதநீர்க்காரரின் குரலுக்கு டெசிபல் பார்க்காதீர்கள் ஐயா.

ஜங்ஷன், கல்லூரி மாணவர்: பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்று ஆற்று மாசு பற்றித் துண்டறிக்கை கொடுத்தோம். அனுமதி இல்லை என்று போலீஸ் வாங்கிக்கொண்டது. தெருவில் பேசக்கூட அனுமதி வேண்டுமா?

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பேச்சுரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(அ)வில் இருக்கிறது. தெருவில் கூடிப் பேசுவதை அரசு ஒழுங்குபடுத்தலாமே தவிர, அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்டு அடியோடு மறுக்க முடியாது என்று அகமதாபாத் போலீஸ் கமிஷனருக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2020இல் டெல்லி ஷாஹீன்பாக் போராட்ட வழக்கில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வியாபாரத்துக்கும் இதே கணக்குதான். தெருவில் விற்பது அடிப்படை உரிமை, ஆனால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது.

இரண்டு பேர் ஓரமாக நின்று தாள் கொடுப்பது கூட்டமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. வழியை மறித்தால்தான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவு வரும், 5,000 ரூபாய் வரை அபராதம். நீங்கள் மறிக்கவில்லை என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் தாளை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேளுங்கள். ஒரு விஷயம், 163 தடை உத்தரவு அமலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பழைய 144தான் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த எண்ணில் இருக்கிறது. தேர்தல் துண்டறிக்கை என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் கொடுக்கவே கூடாது, ஆறு மாதம் வரை சிறை உண்டு.

மைக் வைத்துக் கூட்டம், ஊர்வலம் என்றால் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். மாநகருக்குள் கமிஷனர் அலுவலகம், வெளியே மாவட்டக் காவல்துறை. மறுத்தால் காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு மதுரைக் கிளைக்குப் போகலாம். நெல்லையில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13இல் இந்தத் தெருக்கள் கொந்தளித்து நாலு உயிர் போனது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன ஊர்வலத்தில் தடியடிக்கு ஓடித் தாமிரபரணியில் இறங்கிய 17 பேர் பிணமானார்கள். கூட்டத்துக்கு எந்த வழியாக வருவது, எந்த வழியாகக் கலைவது என்று மனுவிலேயே எழுதுங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

திசையன்விளை பக்கம், கார் ஓட்டுநர்: கோவில் கொடைத் திருவிழா சீசனில் ஊருக்கு ஊர் ரோட்டில் கயிறு கட்டி வண்டியை நிறுத்தி வசூல் பண்ணுகிறார்கள். கொடுக்காவிட்டால் விடுவதில்லை.

கொடைக்கு ஊருக்குள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது அவர்கள் பாடு. வழிப்போக்கனைக் கயிறு கட்டி நிறுத்துவது சட்டப்படி முறையற்ற தடுப்பு, பாரதிய நியாய சன்ஹிதா 126ஆம் பிரிவு. மிரட்டி வாங்கினால் பறிப்புக் குற்றம், 308. குலசேகரன்பட்டினம் (குலசை) தசராவுக்கு வேடம் கட்டி வீடு வீடாக வந்து காணிக்கை கேட்கிறார்களே, அது வேறு. காளி வேஷத்துக்கு நானும் மனசாரப் போடுகிறேன். ஆனால் நான்குவழிச் சாலையின் நடுவில் தட்டை நீட்டினால் அம்மனும் காப்பாற்ற மாட்டாள்.

தச்சநல்லூர்: கல்யாணத்துக்கு பிளக்ஸ் வைக்க மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

அவர்கள் நிற்கட்டும், பிளக்ஸை நடுரோட்டில் நிற்க வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன பெண் லாரியில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். அனுமதி வாங்கி, மண்டபத்துக்கு உள்ளே வையுங்கள்.

ஜங்ஷன் ரயில் நிலையம், சுண்டல் விற்பவர்: பிளாட்பாரத்தில் விற்கலாமா?

ரயில்வே நிலமும் ரயிலும் 2014 சட்டத்துக்கு வெளியே. ரயில்வே உரிமம் இல்லாமல் விற்றால் ரயில்வே போலீஸ் பிடிக்கும். வாசலுக்கு வெளியே, மாநகராட்சி ரோட்டுக்கு வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் கப்பில் மட்டும் கொடுக்க வேண்டாம், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

டவுன்: அம்மா பேரில் அட்டை இருந்தது. போன மாதம் தவறிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் உட்காரலாமா?

அம்மாவின் வருமானத்தை நம்பி இருந்த பிள்ளை என்றால் உட்காரலாம். ஆனால் அந்த அட்டையின் காலம் முடிகிற வரைதான், அப்புறம் உங்கள் பேரில் வாங்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், அட்டை, உங்கள் ஆதார் மூன்றின் நகலோடு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்க வேண்டாம். அதுவரை இடத்தைச் சும்மா விடாதீர்கள், கூடையை வைத்தாவது உட்கார்ந்திருங்கள்.